சாண்டி கோஃபாக்ஸ்

சாண்டி கோஃபாக்ஸ் (பிறப்பு: 30 டிசம்பர் 1935) அமெரிக்க பேஸ்பால் வீரர், இடக்கைப் பிட்சர், அதாவது பந்து எறிபவர். நியூயார்க்கின் புரூக்ளினில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1955 முதல் 1966 வரை டாட்ஜர்ஸ் அணிக்கு மட்டுமே ஆடினார். அந்த அணி 1958-இல் புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது.

தொடக்கம் சோர்வளிப்பதாகவே இருந்தது. பெரிய முன்பணம் பெற்றுச் சேரும் இளைஞரை முதல் இரண்டு ஆண்டுகள் சிறிய லீக்குகளுக்கு அனுப்பக் கூடாது என்பது அன்றைய விதி. ஆடிப் பழக வேண்டிய வயதில் அவர் பெஞ்சில் உட்கார நேர்ந்தது. பந்தில் அசாத்திய வேகம் இருந்தும் அது சொன்ன இடத்துக்குப் போகவில்லை. முதல் ஆறு பருவங்களில் கிடைத்தவை 36 வெற்றிகள், 40 தோல்விகள். 1961 பயிற்சி முகாமில் பந்தைப் பிடிக்கும் கேட்சர் நார்ம் ஷெர்ரி, முழு பலத்தையும் போடாமல் சற்றுத் தளர்த்தி எறியும்படி யோசனை சொன்னார். அந்த ஆண்டே 18 வெற்றிகள் வந்தன.

1962 முதல் 1966 வரை அவர் எட்டிய உயரத்தை வேறு எந்த இடக்கைப் பிட்சரும் எட்டியதாகச் சொல்வது கடினம். ஐந்து ஆண்டும் நேஷனல் லீக்கில் மிகக் குறைந்த ஓட்டச் சராசரி அவருடையதே. இக்காலத்தில் 111 வெற்றிகள், 34 தோல்விகள். ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒருமனதாகக் கிடைத்தது. 1965-இல் அவர் எடுத்த 382 ஸ்ட்ரைக்அவுட்டுகளை, அதாவது மூன்று ஸ்ட்ரைக்குகளில் மட்டையாளரை வெளியேற்றியவற்றை, 1973-இல் நோலன் ரயான் ஒன்றே ஒன்று கூடுதலாக எடுத்துக் கடந்தார். 1965 செப்டம்பர் 9 அன்று சிகாகோ கப்ஸ் அணியின் 27 மட்டையாளர்களில் ஒருவரைக்கூட முதல் பேஸை எட்ட விடவில்லை. எதிரணியின் பாப் ஹெண்ட்லியும் அன்று ஒரே ஒரு ஹிட்தான் கொடுத்தார். டாட்ஜர்ஸுக்கு வெற்றி தந்த ஒற்றை ஓட்டமும் அந்த ஹிட்டினால் வந்ததல்ல.

அதே ஆண்டு மின்னசோட்டா ட்வின்ஸுக்கு எதிரான உலகத் தொடரின் முதல் ஆட்டம், யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று வந்தது. கோஃபாக்ஸ் ஆட மறுத்தார். விளம்பரமோ விளக்கமோ இல்லாத அந்த மறுப்பை அமெரிக்க யூதர்கள் இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள். ஏழாவது ஆட்டத்தில், இரண்டே நாள் ஓய்வுடன், வளைந்து செல்லும் கர்வ்பால் கைகொடுக்காத நிலையில் பெரும்பாலும் வேகப்பந்தை நம்பியே 2-0 என வென்று கோப்பையைப் பெற்றுத்தந்தார்.

இதற்கிடையே அவருடைய இடது முழங்கையில் மூட்டு அழற்சி முற்றிக்கொண்டிருந்தது. மருந்து, ஊசி, ஆட்டம் முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் கை என்று நாள்கள் சென்றன. 1966 பருவத்துக்கு முன் சக பிட்சர் டான் டிரைஸ்டேலுடன் சேர்ந்து, ஊதியத்தை உயர்த்தும்வரை கையெழுத்திட மறுத்தார். வீரர்கள் தனித்தனியாகப் பேரம் பேசியே பழகிய காலத்தில் இது துணிச்சலான செயல். அந்த ஆண்டு 27 வெற்றிகள் பெற்ற பிறகு, நவம்பரில், 30 வயதிலேயே ஓய்வை அறிவித்தார்.

மொத்த வெற்றிகள் 165 மட்டுமே. ஆனாலும் 1972-இல் பேஸ்பால் புகழ்மன்றத்துக்குத் தேர்வானார். அப்போது வயது 36. அவரைவிட இளம் வயதில் எவரும் அதற்குத் தேர்வானதில்லை. அதே ஆண்டு முன்னாள் டாட்ஜர்ஸ் வீரர்கள் ஜாக்கி ராபின்சன், ராய் கேம்பனெல்லா ஆகியோரின் எண்களோடு அவருடைய 32-ஆம் எண் சட்டைக்கும் டாட்ஜர்ஸ் ஓய்வளித்தது.