குளக்கட்டில் ஒரு மொறிஸ் மைனர்

ஸ்கொத்லாந்தின் லொமண்ட் ஏரிக்கரையில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மினுக்கி நிறுத்திப் படம்பிடிப்பது அந்நாட்டவர்க்கு இனிய பொழுதுபோக்கு. வன்னியிலும் நீர்ப்பரப்புண்டு: 1902 இல் வேலை தொடங்கிய இரணைமடுக்குளம். அதே கார்களும் ஓடின. ஆனால் அழகுக்காக அல்ல.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் மருந்தைப்போல் அரிதாயிற்று. (மருந்தும் அரிதுதான்!) காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின், அதனால் தாங்கியது. அந்தப் புகைக்குள்ளேதான் நோயாளரும் பிள்ளைத்தாச்சிகளும் ஆஸ்பத்திரி போனார்கள். 2002 இல் தடை நீங்கியது.

இன்று அக்கார்களைக் குளக்கட்டில் நிறுத்திப் படமெடுக்கும் இளைஞர்கள், ஓட்டியவரிடம் அக்கதையையும் கேட்டுப் படத்தின் பின்புறம் எழுதிவைப்பார்களாக.