திறந்த கதவும் திறவாத கோப்பும்

முப்பதாண்டு ஆசிரியப் பணி புரிந்தவனுக்குச் சேமிப்பு என எஞ்சுவன பெரும்பாலும் தாள்களே. என் தலைமுறையினர்க்கு அத்தாள்களுள் ஒரு பாதி கணினிக்குள் இருக்கின்றது. 1990களின் பிற்பகுதி தொட்டு நான் தட்டெழுதிய பயிற்சித் தாள்கள், பயிற்சி ஆசிரியர்களுக்கான பாடக் குறிப்புகள், மாணவர் எழுதிய சிறுகதைகள் ஆகிய யாவும் ஒரு பழைய கணினியில் ‘பாடங்கள்’ என்னும் பொதுக் கோப்புறையில் அடங்கியிருந்தன. சென்ற ஆண்டிறுதி விடுமுறையில், தேக்காவுக்கு அருகிலுள்ள எங்கள் வீவக வீட்டில், மகள் வாங்கிய புதிய கணினியிலிருந்து அக்கோப்புறையைத் திறக்க முயன்றேன். இரண்டு கணினிகளும் ஒரே கூடத்தில் இருந்தன. ஒரே இணையப் பெட்டியோடு இணைந்திருந்தன. ஆயினும் பழைய கணினியின் பெயர் பட்டியலிலேயே தோன்றவில்லை. அதன் முகவரி எண்ணை நேரே கொடுத்துக் கேட்டபோதும் புதியது மறுத்துவிட்டது.

பெட்டியை ஐயுற்றேன், கம்பியை ஐயுற்றேன், கடவுச்சொல்லை மும்முறை மாற்றினேன். பிழை அவற்றுள் எதிலும் இல்லை. அம்மறுப்புக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். அதனை ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்க்கும் எடுத்துரைப்பது தகும் எனக் கருதுகின்றேன்.

ஒரு கணினியிலுள்ள கோப்பை மற்றொரு கணினி தன்னுடையது போலவே திறந்து படிக்க வேண்டுமாயின், இரண்டும் ஒரே மொழி பேசுதல் வேண்டும். அம்மொழியை நெறிமுறை என்பர். 1983இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பேரி ஃபைகன்பாம் என்பார் வகுத்த எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையைப் பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விரிவாக்கியது. 1992இல் வெளிவந்த பணிக்குழு விண்டோஸ் அதனைச் சிறு அலுவலகங்கள்தோறும் கொண்டு சேர்த்தது. அச்சுப்பொறி ஒன்று, பெரிய வட்டு ஒன்று, அவற்றைச் சூழ்ந்து ஒருவரையொருவர் அறிந்த பத்துப் பேர்: அந்நாளைய வலையமைப்பின் உலகம் அவ்வளவே. உடன்வந்த பெயரிடு முறையில் ஒரு கணினிக்கு 15 எழுத்துக்கு மேல் பெயர் வைக்க இயலாது. நம் பிள்ளைகளின் முழுப்பெயர் பலவும் ஆங்கில எழுத்தில் அவ்வெல்லைக்குள் அடங்கமாட்டா.

இவ்வரலாற்றில் மொழியாசிரியர்கள் விரும்பிக் கேட்கத்தக்க ஒரு செய்தி உண்டு. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991 டிசம்பரில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். நெறிமுறையின் விளக்க நூல் கையில் இன்றி, இரண்டு கணினிகள் கம்பிவழிப் பேசுவதைக் கவனித்து, எக்கேள்விக்கு எவ்விடை வருகின்றது எனக் குறித்துக்கொண்டு, அவ்வாறே விடைகூறும் நிரல் ஒன்றை எழுதினார். பிரெஞ்சு மொழி அறியாத ஒருவன் காப்பிக்கடையில் அமர்ந்து, பிறர் கேட்பதையும் பெறுவதையும் பார்த்தே அம்மொழியைக் கற்பதற்கு இதனை அவரே ஒப்பிட்டிருக்கின்றார். இலக்கண நூலைத் தொடாமலே பேசக் கற்கும் குழந்தையை நாள்தோறும் காணும் நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். பின்னர் அந்நிரலுக்கு வேறு பெயர் வேண்டியிருந்தது. எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் அமைந்த சொல்லை அகராதிக் கோப்பில் தேடி, ‘சம்பா’ எனப் பெயரிட்டார். நம் சம்பா நெல்லுக்கும் அதற்கும் உறவில்லை. அது பிரேசில் நாட்டு நடனத்தின் பெயர்.

கணினி இல்லந்தோறும் நுழைந்தபோது அலுவலகத்துப் பழக்கமும் உடன் நுழைந்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் எளிய பகிர்வு முறை, வலையமைப்பில் வந்து கேட்போர் எவராயினும் அவரை ‘விருந்தினர்’ எனக் கொண்டு உள்ளே விட்டது. விருந்தோம்பல் நமக்கு உவப்பானதே. எனினும் வந்தவர் யார் என்று கேளாத விருந்தோம்பல் நெடுநாள் நிலைக்கவில்லை.

எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தும் தாக்குகருவி, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையினின்று கசிந்து 2017 ஏப்ரலில் வெளியாயிற்று. குறையை அடைக்கும் திருத்தம் அதற்கு முந்தைய மாதமே வந்திருந்தும், அதனை இடாத கணினிகள் எண்ணற்றவை. மே 12ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் நச்சுநிரல் அவ்வழியே பரவி, 150 நாடுகளில் 200,000க்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டி மீட்புப்பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. சிங்கப்பூரில் பெருந்தீங்கு நேரவில்லை. தியோங் பாரு பிளாசாவின் வழிகாட்டித் திரை போன்ற சிலவே அகப்பட்டன. அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் பதிப்பு தொட்டு, முதற்பதிப்பு நெறிமுறை புதிய கணினிகளில் தானாக நிறுவப்படுவதில்லை. அண்டைக் கணினிகளின் பெயர்களைப் பட்டியலிடும் பழைய ஏற்பாடும் அந்நெறிமுறையையே சார்ந்திருந்ததால், அதுவும் உடன் மறைந்தது. விருந்தினர் நுழைவும் படிப்படியாக அடைக்கப்பட்டு வருகின்றது.

எக்ஸ்பி தலைமுறைக் கணினி அறிந்த மொழியோ முதற்பதிப்பு ஒன்றே. என் பழைய கணினி அத்தலைமுறையினது. அதனைக் காலத்தே புதுப்பியாமல் இருந்தது என் சோம்பல். புதியது அதனோடு பேச மறுத்ததை நான் குறைகூறேன்.

ஆகவே கோப்புறை திறவாதபோது கடவுச்சொல்லில் தொடங்குதல் வீண். பெயரை விடுத்து முகவரி எண்ணால் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத் திறந்தால் குறை பெயர்ப்பட்டியலில்தான். இரண்டும் ஒரே பதிப்பு மொழி பேசுகின்றனவா என்பது அடுத்து. கடவுச்சொல் அதற்கும் பின்னர். அதுவும் சரியாயிருந்து மறுப்பு வருமாயின், இசைவு இரண்டு அடுக்காக இருப்பதை நினைவுகூர்தல் வேண்டும். பகிர்வுக்குத் தரும் இசைவு ஒன்று. வட்டிலுள்ள கோப்புக்குத் தரும் இசைவு மற்றொன்று. இரண்டனுள் எது கடுமையோ அதுவே செல்லும். பலர் முன்னதைத் திறந்துவிட்டுப் பின்னதை மறந்துவிடுகின்றனர்.

புதிய கணினிக்குப் பழைய மொழியை மீண்டும் கற்பிக்க வழி உண்டு. நான் அதனைச் செய்யவில்லை. பழைய கணினியை இணையத்தினின்று துண்டித்து, கோப்புகளைத் தம்ப் டிரைவில் ஏற்றி, கூடத்தின் இப்பக்கத்திலிருந்து அப்பக்கத்துக்குக் கையில் கொண்டு சென்றேன். மகள் சிரித்தாள்.

கோப்புகள் திறந்தன. ஆனால் திரையில் தோன்றியது தமிழ் அன்று. ஐரோப்பிய எழுத்துகளும் புரியாக் குறிகளுமே.

இஃது இரண்டாம் பூட்டு. இதன் வரலாறு நம்முடையது. அந்நாளில் கணினி எழுத்துருவுக்கு 256 இடங்களே இருந்தன. முற்பாதி ஆங்கிலத்துக்கு, பிற்பாதியில் ஒவ்வோர் எழுத்துரு வகுத்தோரும் தமிழெழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி அமைத்தனர். ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் மற்றொருவர் ‘ணி’ வைத்திருப்பார். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு ஊமையாகும். இதனை முற்பட உணர்ந்து உழைத்தோருள் நம்மவரான எழுத்தாளர் நா. கோவிந்தசாமி குறிப்பிடத்தக்கவர். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராயிருந்த அவர் ‘கணியன்’ என்னும் தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். 1995இலேயே சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏற உழைத்தார். 1997 மே மாதம் இங்கு நடந்த தமிழ்நெட் மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் பொதுத்தரம் வேண்டும் என்னும் விவாதம் தொடங்கியது. 1999இல், தம் 53ஆம் வயதில், அவர் மறைந்தார். மறு ஆண்டு இதே நகரில் உத்தமம் அமைப்பு தோன்றியது. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தும், அது நம் மேசைகளில் முழுதாக வழக்கில் வர மேலும் பல்லாண்டு ஆயிற்று. என் கோப்புகள் அவ்விடைக்காலத்தில் பிறந்தவை.

எழுத்துருக்களைக் கண்டறிந்து மாற்றி மாற்றி, பெரும்பான்மையானவற்றை மீட்டுவிட்டேன். 1998இல் உயர்நிலை இரண்டில் பயின்ற மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி எழுதிய கதை மட்டும் இன்னும் பிடிபடவில்லை. எந்த எழுத்துருவில் தட்டெழுதினேன் என்பது நினைவில் இல்லை. தலைப்பில் ஏழு குறிகள் உள்ளன. நான்காவதும் ஏழாவதும் ஒன்றே. அது ‘ம்’ ஆக இருக்கலாம் என்கிறாள் மகள்.