மார்க்கச்சுப் பொருத்தம்

மார்க்கச்சுப் பொருத்தம் என்பது, பெண்ணின் மார்பளவுக்கும் மார்பின் வடிவத்துக்கும் ஏற்ற மார்க்கச்சைத் தெரிவுசெய்து, அது உடலில் சரியாக அமர்கிறதா என்று சோதித்துக்கொள்ளும் முறையாகும். பேச்சுவழக்கில் இவ்வாடை பிரா எனப்படுகிறது. உலகச் சந்தைக்குப் பிரா தைத்து அனுப்பும் முக்கிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஆயினும் கண்டி மாவட்டத்தின் கம்பளை போன்ற மலையக நகரங்களில் ‘முப்பத்து நாலு’, ‘முப்பத்தாறு’ என்று ஓர் எண்ணை மட்டும் சொல்லி, அணிந்து பார்க்காமலே வாங்கிச் செல்வது பரவலான வழக்கம். அந்த எண் மார்பைச் சுற்றிவரும் அடிப்பட்டியை மட்டுமே குறிக்கும். மார்பை அடக்கும் கப்பின் கொள்ளளவைக் குறிப்பது எண்ணை அடுத்து வரும் எழுத்து. இரண்டும் சேர்ந்தால்தான் அது ஓர் அளவாகும்.

உறுப்புகளும் அவற்றின் வேலையும்

பிராவின் அடித்தளம், மார்புக்குக் கீழே விலா எலும்புகளைச் சுற்றி வரும் அடிப்பட்டி. மார்பின் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது இதுவே. இரு கப்களும் மார்பை அடக்கி வைக்கின்றன. அவற்றை இணைக்கும் நடுத்துண்டு மார்பெலும்பின் மேல் படிகிறது. தோள்பட்டிகள் கப்பின் மேல்விளிம்பை உடலோடு சேர்த்துப் பிடிக்கின்றனவே தவிர, பாரம் சுமப்பது அவற்றின் வேலையன்று. முதுகுப்புறம் இரண்டு அல்லது மூன்று வரிசைகளில் கொக்கிகள் இருக்கும். சில வகைகளில் கப்பின் அடிவளைவில் கம்பி செருகப்பட்டிருக்கும்.

அடிப்பட்டி தளர்ந்திருந்தால் பாரம் முழுவதும் தோளுக்கு மாறுகிறது. பலர் அப்போது தோள்பட்டியை இறுக்குகிறார்கள். அதனால் பட்டியின் பின்பக்கம் முதுகில் மேலேறுகிறது, முன்பக்கம் மார்பு கீழிறங்குகிறது, தோளில் பள்ளம் விழுகிறது. கழுத்துவலி, தோள்வலி என்று சொல்லப்படும் அவதிகளில் ஒரு பகுதி இவ்வாறு வருவதே.

வரலாறு

உடலை இறுக்கும் நீண்ட கோர்செற்றை இரண்டாகப் பிரித்து, மேற்பகுதியைத் தனி ஆடையாக்கியவர் பிரான்சைச் சேர்ந்த எர்மினி கடோல். 1889இல் அவர் அதைக் காட்சிக்கு வைத்தார். அமெரிக்காவில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் 1914இல் பிராவுக்குக் காப்புரிமை பெற்றார். மார்பின் அளவை ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளால் குறிக்கும் முறை 1930களில் அமெரிக்க நிறுவனங்களால் புகுத்தப்பட்டது. விளையாட்டுக்குரிய பிரா 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உருவானது. லிசா லிண்டால், பொலி ஸ்மித், ஹிண்டா மில்லர் ஆகிய மூவர் அதை வடிவமைத்தனர்.

தமிழரின் வரலாற்றில் மேலாடை ஒரு சமூக உரிமையாகவும் இருந்திருக்கிறது. அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டப் பகுதிகளில், மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தின் விளைவாக, 1859இல் அரச பிரகடனம் அவ்வுரிமையை ஏற்றது.

இலங்கையில் தயாரிப்பு

1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததையும், 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டதையும் அடுத்து ஆடைத் தொழில் வேகமாக வளர்ந்தது. ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்தில், 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் இத்தொழிலைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. மகேஷ், அஜய், ஷராட் அமலியன் சகோதரர்கள் 1987இல் நிறுவிய மாஸ் ஹோல்டிங்ஸ், உள்ளாடைத் தயாரிப்பில் உலக அளவில் பெயர்பெற்றது. கொழும்பு–கண்டி வீதியிலிருந்து தொலைவில் இல்லாத துல்ஹிரியவில், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனத்துக்கு உள்ளாடை தைப்பதற்காக மாஸ் அமைத்த ‘துருலி’ ஆலை 2008இல் திறக்கப்பட்டது. சூழலுக்கு இசைந்த ஆலை என அது பேசப்பட்டது. மாஸ் 2007இல் இந்தியச் சந்தையில் அறிமுகப்படுத்திய ‘அமாந்தே’ என்ற சொந்த வணிகப்பெயர் 2021இல் ரிலையன்ஸ் ரீடெயிலுக்குக் கைமாறியது.

ஒரு பிராவில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு பாகங்கள் சேர்கின்றன. ஒவ்வோர் அளவுக்கும் கப்பின் வெட்டும் கம்பியின் வளைவும் வேறுபடும். ஆகவே எல்லா எழுத்துகளையும் எல்லா எண்களையும் கைவசம் வைத்திருக்கப் பெரிய கடைகளாலேயே முடியும். சிறு நகரக் கடைகளில் அதிகம் விற்கும் சில அளவுகளே மிஞ்சுகின்றன. அவற்றுக்குள் அடங்காத உடல்கள் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கின்றன.

கம்பளையின் சந்தை நிலை

மகாவலிக் கரையிலுள்ள கம்பளை, கண்டிக்குத் தெற்கே நுவரெலியா வீதியில் அமைந்த வியாபார நகரம். சூழவுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும் இருந்து பெண்கள் துணி வாங்க இங்கு வருகிறார்கள். வேண்டிய அளவு கிடைக்காதபோது கண்டிக்குப் போகிறார்கள்.

ஏற்றுமதியில் மிஞ்சிய ஆடைகள் இலங்கையின் நகரக் கடைகளிலும் நடைபாதைகளிலும் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. தரமான துணியும் தையலும் கொண்ட பிராக்கள் இவற்றில் அகப்படுவதுண்டு. ஆனால் பெயர்ச்சீட்டு வெட்டப்பட்டிருந்தால் அளவு தெரியாது. சீட்டு இருந்தாலும் அது ஐரோப்பிய, பிரித்தானிய, அமெரிக்க முறைகளில் ஏதாவது ஒன்றில் இருக்கலாம். இத்தகைய சந்தையில் தன் அளவைச் சென்ரிமீற்றரில் அறிந்திருப்பவருக்கே தெரிவு எளிது. கையில் அளவுநாடா இருந்தால், நீட்டாமல் கிடத்திய அடிப்பட்டியையும் இழுத்த பட்டியையும் அளந்து, தன் விலா அளவு அவ்விரண்டுக்கும் நடுவே வருகிறதா என்று பார்க்கலாம்.

ஆண்கள் நிற்கும் கடையில் அளவைச் சொல்லிக் கேட்கப் பலர் கூசுகிறார்கள். உடைமாற்றும் அறை இல்லாத கடைகளும் உண்டு. வீட்டில் அளந்து, எண்ணையும் எழுத்தையும் துண்டுக் காகிதத்தில் எழுதிச் செல்வதும், மாற்றித் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் இதற்கு நடைமுறை வழிகள். உள்ளாடையைத் திருப்பி எடுக்காத கடைகளே அதிகம்.

அளவெடுத்தல்

இரண்டு அளவுகள் வேண்டும். முதலாவது, மார்புக்குச் சற்றுக் கீழே, மூச்சை வெளியே விட்டபடி நாடாவை இறுக்கமாகப் பிடித்து எடுப்பது. இரண்டாவது, மார்பின் மிக எடுப்பான இடத்தில் நாடாவை இறுக்காமல் எடுப்பது. நாடா முதுகில் சரியாமல் தரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். மார்பு தளர்ந்திருந்தால் இடுப்பிலிருந்து முன்னே குனிந்தபடி இரண்டாவது அளவை எடுப்பது துல்லியமானது. நாடா இல்லாத வீட்டில் ஒரு நூலைச் சுற்றி அதைப் பாடசாலை அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தாலும் போதும்.

ஐரோப்பிய முறையில் கீழளவே பட்டியின் எண். 73 முதல் 77 செ.மீ. வரை 75 எனக் கொள்ளப்படும். இரு அளவுகளுக்கும் இடையிலான வித்தியாசம் எழுத்தைத் தரும்:

12–14 செ.மீ. — ஏ
14–16 செ.மீ. — பி
16–18 செ.மீ. — சி
18–20 செ.மீ. — டி

இலங்கையிலும் இந்தியாவிலும் பழக்கமான அங்குல எண்கள் இதனோடு இவ்வாறு பொருந்தும்: 70 என்பது 32, 75 என்பது 34, 80 என்பது 36, 85 என்பது 38. கீழளவு 75 செ.மீ., மேலளவு 90 செ.மீ. உள்ள பெண்ணுக்கு வித்தியாசம் 15. அவருக்குரியது 75பி, அதாவது 34பி. 75 செ.மீ. என்பது ஏறத்தாழ இருபத்தொன்பதரை அங்குலமே. பழைய வழக்கப்படி கீழளவோடு நான்கு அங்குலம் கூட்டி எண் இடுவதால் அது 34 ஆகிறது. கூட்டாமலே எண் இடும் நிறுவனங்களும் இருக்கின்றன. எனவே அளந்து கண்ட எண் ஒரு தொடக்கம். முடிவைச் சொல்வது அணிந்து பார்க்கும் சோதனை. டி-க்கு மேற்பட்ட எழுத்துகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன.

எழுத்து மட்டும் கப்பின் பருமனைக் காட்டாது. 32சி, 34பி, 36ஏ ஆகிய மூன்றின் கப்களும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு கொண்டவை, பட்டிதான் வேறு. 34பி-யில் கப் சரியாக இருந்து பட்டி தளர்ந்தால் 32சி-யை எடுக்கலாம். பட்டி இறுகினால் 36ஏ-யைப் பார்க்கலாம். கடையில் ஓர் அளவு தீர்ந்துபோகும்போது பயன்படும் கணக்கு இது. ஆனால் இரண்டு படிகள் தாண்டினால் தாங்கும் தன்மை குறைந்துவிடும்.

வடிவமும் வெட்டும்

ஒரே அளவுடைய இரு பெண்களுக்கு ஒரே பிரா பொருந்தாமற் போகலாம். மார்பு மேற்புறம் நிறைந்ததா, கீழ்ப்புறம் நிறைந்ததா, அதன் அடி அகன்றதா, குறுகியதா, இரு மார்புகளும் நெருங்கியவையா, விலகியவையா என்பவை வெட்டைத் தீர்மானிக்கின்றன.

கீழ்ப்புறம் நிறைந்த மார்புக்கு, மேல்விளிம்பு தாழ்ந்து குறுக்காகச் செல்லும் அரைக்கப் வகை இசையும். முழுக்கப்பில் மேற்பகுதி வெறுமையாகச் சுருங்கும். மேற்புறம் நிறைந்த மார்புக்கு, மேல்பாகத்தில் இழுபடும் லேஸ் வைத்த கப் நல்லது. விறைத்த விளிம்பு சதையை இரண்டாக வெட்டிக் காட்டும். நெருங்கிய மார்புக்கு நடுத்துண்டு தாழ்ந்த வகை உதவும். வெளிப்பக்கம் விலகிய மார்புக்குப் பக்கத் தாங்கல் உள்ள கப் வேண்டும். தளர்ந்த மார்புக்கும் பாரமான மார்புக்கும், பல துண்டுகளை இணைத்துத் தைத்த முழுக்கப், அச்சில் வார்த்த வழுவழுப்பான கப்பைவிட நன்றாகத் தாங்கும். வார்த்த கப் தன் வடிவத்தை மார்பின் மேல் சுமத்துகிறது. தைத்த கப் மார்புக்கு இசைந்து கொடுக்கிறது.

இரு மார்புகளும் சற்றே வேறுபடுவது இயல்பு. பெரிய பக்கத்துக்கு ஏற்றதை வாங்கி, சிறிய பக்கத்தில் மெல்லிய பஞ்சுத் துண்டு வைக்கலாம்.

பொருத்தச் சோதனை

புதிய பிராவை வெளிக் கொக்கி வரிசையில் மாட்டிப் பார்க்க வேண்டும். இலாஸ்டிக் நாளடைவில் இளகும்போது உள்வரிசைக்கு மாறுவதற்கு அப்போதுதான் இடமிருக்கும். முன்னே சற்றுக் குனிந்து, பக்கச் சதையையும் கையால் கப்புக்குள் சேர்த்துவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டியவை:

பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, அதனுள் இரண்டு விரல்கள் மட்டுமே நுழைகின்றனவா.
நடுத்துண்டு மார்பெலும்பைத் தொடுகிறதா. தொடாவிட்டால் பெரும்பாலும் கப் சிறியது.
கம்பி மார்பின் மேல் ஏறாமல் அடிமடிப்பில் படிந்திருக்கிறதா.
கப்புக்கு மேலே சதை பிதுங்குகிறதா (கப் சிறியது), துணி சுருங்குகிறதா (கப் பெரியது அல்லது வெட்டுப் பொருந்தவில்லை).
இரு கைகளையும் தூக்கும்போது பட்டி மேலேறுகிறதா (பட்டி தளர்வு).
தோள்பட்டிகளைக் கழற்றிவிட்டாலும் கப் பெரிதும் இறங்காமல் நிற்கிறதா.

சேலை ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள், அதனுள் அணியப்போகும் பிராவோடு அளவு கொடுக்க வேண்டும். வெள்ளைப் பாடசாலைச் சீருடைக்குள் வெள்ளை பிராவைவிடத் தோல்நிறத்தது குறைவாகத் தெரியும்.

வேலையும் காலநிலையும்

தோட்டத்துரை ஜோர்ஜ் பேர்ட் 1824இல் கம்பளையை அடுத்த சிங்ஹாபிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலம் முதல் இப்பகுதி தோட்ட உழைப்போடு பிணைந்தது. இன்று தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் மலைச்சரிவில் ஏறி இறங்கி, இரு கைகளையும் ஓயாமல் நீட்டி, முதுகில் கொழுந்துப் பாரம் சுமக்கிறார்கள். இவ்வேலைக்கு அகன்ற பட்டியும் அகன்ற தோள்பட்டியும் கொண்ட கம்பியில்லாப் பருத்தி பிரா ஏற்றது. கூடையோ சாக்கோ முதுகில் உராயும்போது, பெரிய கொக்கிகளும் பின்பக்கச் சரிசெய் வளையங்களும் தோலைக் கிழிக்கக்கூடும். ஓட்டம், வலைப்பந்து போன்ற விளையாட்டுகளில் மார்பு மேலும் கீழும் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அசைகிறது என்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வுக் குழு காட்டியிருக்கிறது. சிறிய மார்புக்கு அமுக்கிப் பிடிக்கும் விளையாட்டு பிரா போதும். பெரிய மார்புக்குத் தனித்தனிக் கப் உள்ளது வேண்டும்.

கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கம் தென்மேல் பருவமழையில் துணி நாட்கணக்கில் உலராது. ஈரம் மாறாத பிராவை அணிந்தால் மார்பின் அடிமடிப்பில் பூஞ்சைத் தொற்று, அரிப்பு, புண் வரலாம். மூன்று பிராக்களையாவது மாற்றி மாற்றி உடுத்துவதும், மழைநாளில் அடுப்படிச் சூட்டில் எட்டத்தே காயவிடுவதும் பயனளிக்கும். கையால் கசக்கி, முறுக்கிப் பிழியாமல், பட்டியில் கவ்வியிட்டு உலர்த்த வேண்டும். உள்வரிசைக் கொக்கியிலும் பட்டி தளர்ந்தால் அதன் காலம் முடிந்தது.

வாழ்க்கைப் பருவங்கள்

பெண் பிள்ளைகளுக்கு மார்பு வளர்ச்சி பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்குகிறது. இப்பருவத்தில் கம்பியில்லாத மென்மையான வகையே ஏற்றது. அளவு விரைவில் மாறுவதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. கர்ப்பகாலத்தில் பட்டியும் கப்பும் பெரிதாகும். பாலூட்டும் தாய்மாருக்கு முன்புறம் திறக்கும் கப் வசதியானது. இறுக்கமான பிரா பால்நாளத்தை அழுத்தி அடைப்புக்கும் வலிக்கும் இடம்கொடுக்கலாம். மார்பகத்தை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு உள்ளானவர்களுக்கு, செயற்கை மார்பை வைக்கும் பை தைத்த பிராக்கள் உள்ளன.

உடல்நலக் குறிப்புகள்

மார்புக்குள் தசை இல்லை. தோலும், ஆங்கில சத்திரசிகிச்சை நிபுணர் அஸ்ட்லி கூப்பரின் பெயரால் அறியப்படும் இழைகளுமே அதைத் தாங்குகின்றன. வயது, கர்ப்பங்கள், உடல் எடை, புகைத்தல் ஆகியவை தளர்வுக்குக் காரணங்கள். பிரா அணிந்தால் தளர்வு வராது என்பதற்கு உறுதியான சான்றில்லை. பிரா அணிவதால் புற்றுநோய் வரும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை; மாதவிடாய் நின்ற பெண்களிடம் அமெரிக்காவின் பிரெட் ஹட்சின்சன் மையம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு அத்தகைய தொடர்பு எதையும் காணவில்லை.

இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. புதிய கட்டி, தோல் உட்குழிதல், முலைக்காம்பு உள்ளிழுபடுதல், இரத்தம் கலந்த கசிவு ஆகியவற்றைப் பிராவின் இறுக்கம் என்று எண்ணித் தள்ளிப்போடக் கூடாது. சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிளினிக் நாளைக் கேட்டறியலாம். எந்த வயதினரும் இத்தகைய மாற்றத்தைக் கண்டால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.