மூலைமட்டமும் கவராயமும்

புதுதில்லி ஜன்பத் சாலையில் அலுவலகத்துக்கு விரைவோரும் கடைவீதியை நாடுவோரும் நாள்தோறும் கடந்து செல்லும் ஒரு கட்டடம் உண்டு. பிரீமேசன் சபையார் கூடும் மண்டபம் அது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வட இந்திய நகரங்களில் இத்தகைய மண்டபங்களுக்கு மக்கள் இட்டு வழங்கிய பெயர் 'ஜாதூகர்' என்பது. மந்திர வீடு என்பது அதன் பொருள். அடைத்த கதவு, காவலுக்கு ஒருவர், இடுப்பில் தோலாடை கட்டிய கனவான்கள், அவர்களைச் சுற்றிலும் விளங்காத சின்னங்கள் என்னும் இவை போதாவோ அப்பெயர் எழுவதற்கு!

அச்சின்னங்களின் பிறப்பிடத்தைப் பற்றி உலகில் வழங்கும் கதைகள் பல. எகிப்தியக் குருமார் மறைத்து வைத்த ஞானம் என்பர் சிலர்; சாலமோன் மன்னன் எருசலேமில் எடுப்பித்த ஆலயத்தில் தோன்றியவை என்பர் வேறு சிலர்; சிலுவைப்போர் வீரர்கள் கீழ்த்திசையிலிருந்து கொணர்ந்தவை என்பாரும் உளர். இக்கதைகள் எவ்வளவு உண்மை, அவை எப்பொழுது யாரால் கட்டப்பட்டன என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

முதலில் சின்னங்களையே நோக்குவோம். மூலைமட்டம், கவராயம், மட்டப்பலகை, தூக்குக்குண்டு, முழக்கோல், கொட்டாப்புளி, உளி, கரடுமுரடான கல் ஒன்று, செதுக்கிச் சீர்செய்த கல் ஒன்று. இப்பட்டியலைக் கேட்கும் எந்தக் கொத்தனாரும் இதில் மந்திரம் எதையும் காணமாட்டார். தம் பையில் உள்ளவற்றையே யாரோ எண்ணிச் சொல்வதாகக் கருதுவார். சபையார் இவற்றுக்குக் கூறும் பொருளும் எளியதே. மூலைமட்டம் ஒழுக்கத்தின் செம்மை, மட்டப்பலகை மனிதரின் சமத்துவம், தூக்குக்குண்டு நேர்மை, கவராயம் ஆசையை ஒரு வட்டத்துக்குள் நிறுத்துதல், கரடுமுரடான கல் பயிலாத மனம். நேர் என்னும் சொல்லிலிருந்து நேர்மையையும், வளையாத கோலிலிருந்து செங்கோலையும், வளைந்ததிலிருந்து கொடுங்கோலையும் ஆக்கிக்கொண்ட தமிழர்க்கு இவ்வகை உவமை புதிதன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சபையாரின் அளவுகோல் 24 அங்குலம் கொண்டது. நாளின் 24 மணி நேரத்தை வழிபாட்டுக்கும் உழைப்புக்கும் ஓய்வுக்குமாகப் பகுத்துக்கொள்க என்பது அதன் பொருள். நம் நாட்டு மயமதம் முதலிய சிற்ப நூல்களிலும் 24 அங்குலம் ஒரு முழம் என்றே காண்கிறோம். 'ஆகா, நம் சிற்ப சாத்திரமே மேல்நாடு சென்று பிரீமேசன் மரபாயிற்று' என்று ஒரு நூல் எழுதிவிடலாம்! ஆனால், நம் நூல்களின் அங்குலம் விரல் அகலம். ஆங்கிலேயர் கோலிலுள்ள அங்குலம் வேறு. கோலுக்கும் நாளுக்கும் உள்ள உவமையோ ஆங்கிலேயரின் மணிக்கணக்கிலிருந்து பிறந்தது. எண் ஒத்தது, வரலாறு ஒக்கவில்லை. சின்னங்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களுள் பல இப்படிப்பட்ட ஒற்றுமைகளின்மேல் எழுந்தவையே.

இனி வரலாற்றுக்கு வருவோம். 'லாட்ஜ்' என்னும் சொல் நமக்குத் தங்கும் விடுதியை நினைவூட்டுகிறது. இடைக்கால இங்கிலாந்தில் அது பெருங்கோயில் எழும் இடத்துக்கு அருகில் கல்தச்சர் போட்டுக்கொண்ட கொட்டகை. அங்கே கல் செதுக்கினர்; உண்டனர்; இளைஞருக்குத் தொழில் கற்பித்தனர். அவர்களுடைய தொழில் விதிகளைக் கூறும் பழைய சுவடிகளுள் மூத்தது ஒரு செய்யுள் நூல்; ஏறத்தாழ 1390-க்கும் 1425-க்கும் இடையில் எழுதப்பட்டது; இன்று இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அதிலேயே பழம்பெருமை தொடங்கிவிடுகிறது. எகிப்தில் யூக்ளிட் இக்கலையைக் கற்பித்தார் என்றும், ஆதெல்ஸ்டன் மன்னன் காலத்தில் அது இங்கிலாந்துக்கு வந்தது என்றும் அச்சுவடி கூறுகிறது. தம் குலத்தொழிலுக்குத் தொன்மையும் தெய்விகமும் கற்பித்துக்கொள்ளுதல் உலகெங்கும் உள்ள இயல்பு. நம் நாட்டுக் கம்மாளர் தம்மை விசுவகர்மாவின் வழியினர் என்பதும் இத்தகையதே.

இரகசியம் என்பதும் தொடக்கத்தில் தொழிலாளியின் வயிற்றுப்பாட்டைச் சார்ந்தது. ஸ்காத்லாந்தில் 'கொத்தர் சொல்' என ஒன்று வழங்கியது. முறையாகப் பயிற்சி பெற்றவன் வேற்றூர் சென்றால், அச்சொல்லையும் அதற்குரிய குறிப்பையும் கொண்டு தன்னை இன்னான் என அறிவிப்பான். சாந்தின்றிக் கல்லடுக்கும், பயிற்சி பெறாத ஆளைப் பிரித்தறிய அது பயன்பட்டது. சான்றிதழ் இல்லாத காலத்தில் அதுவே சான்றிதழ். கற்களில் காணும் குறிகளையும் சிலர் மறைமொழி என்று படித்தார்கள். இன்ன கல் இன்னார் செதுக்கியது எனக் கணக்கிட அவை உதவின என்பதே ஆராய்ந்தோர் பலர் கொள்ளும் முடிவு.

ஆயின், முழுவதும் தொழில் வழக்கமே, ஞானம் யாதும் கலக்கவில்லை எனக் கூறிவிடவும் இயலாது. கதையின் சுவையான பகுதி இங்கேதான் உள்ளது. 1598-ஆம் ஆண்டிலும் 1599-ஆம் ஆண்டிலும் ஸ்காத்லாந்து மன்னரின் கட்டட மேலதிகாரியான வில்லியம் ஷா என்பவர் கல்தச்சர்க்கு இரண்டு விதித் தொகுப்புகளை வெளியிட்டார். இரண்டாவது தொகுப்பில், ஒவ்வொருவரையும் 'நினைவுக் கலையில்' சோதிக்க வேண்டும் என்றொரு விதி காணப்படுகிறது. நினைவுக் கலை என்பது பழைய ரோமானியப் பேச்சாளர் பயின்ற ஒன்று. மனத்துள் ஒரு மாளிகையைக் கட்டிக்கொண்டு, அதன் ஒவ்வோர் அறையிலும் ஒரு பொருளை வைத்து, பேசும்பொழுது அறை அறையாக நடந்து அப்பொருள்களை எடுத்துக்கொள்வது அதன் முறை. மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர் சிலர் இதனோடு எகிப்திய ஞானம் எனத் தாம் கருதியவற்றையும் இணைத்தனர். 1988-இல் வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டீவன்சன் எழுதிய நூல், ஷாவின் இவ்விதியிலிருந்தே பிரீமேசன் சடங்குக் கூடத்தை விளக்க முற்பட்டது. தூண்களும் படிகளும் கருவிகளும் நிறைந்த அக்கூடம், கல்லால் ஆகாத, மனத்தால் ஆன மாளிகை என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் அக்கூடத்தின் வடிவைத் தரையில் சுண்ணக்கட்டியாலோ கரியாலோ வரைந்து, சடங்கு முடிந்ததும் துடைத்துவிடும் வழக்கம் இருந்ததை நினைக்கையில் இக்கருத்து நமக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

17-ஆம் நூற்றாண்டில் கல்லைத் தொட்டறியாத கனவான்கள் இக்கொட்டகைகளுக்குள் புகலாயினர். 1641 மே மாதத்தில் நியூகாசில் நகரில் சர் ராபர்ட் மோரே என்பவர் சேர்க்கப்பட்டார். படை அதிகாரியும் ரசவாதத்தில் ஈடுபாடுடையவருமான இவர், பின்னர் இலண்டன் ராயல் சொசைட்டியைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். கல்தச்சர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறி வேண்டுமன்றோ? மோரே தமக்கு ஐமுனை விண்மீனைத் தேர்ந்துகொண்டார். தம் கடிதங்களில் அக்குறியை இட்டதோடு, அதன் ஐந்து முனைகளுக்கும் ஐந்து கிரேக்கச் சொற்களைப் பொருத்தினார்; அன்புசெய், அறி, பொறு, நம்பு, விலகியிரு என்பன அவற்றின் கருத்து. ஒரு சின்னத்துக்கு மறைபொருள் ஏறும் கணத்தை நாம் நேரிலே காண்பது இவ்வொரு சான்றில்தான். பொருளை ஏற்றியவர் அதை நண்பர்களிடம் மறைக்கவும் இல்லை.

இலண்டனில் நான்கு கூட்டங்கள் ஒன்றாகி 1717 ஜூன் 24-இல் பெருஞ்சபை அமைத்தன என்பது வழக்கமான வரலாறு. அது 1721-இல்தான் நிகழ்ந்தது எனக் கூறும் ஆராய்ச்சியாளரும் உளர். 1723-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் சபையின் சட்டநூலை எழுதினார். அவர் வரலாற்றை எங்கே தொடங்கினார் தெரியுமோ? ஆதாமிடம்!

1730-இல் சாமுவேல் பிரிச்சார்டு என்பவர் சடங்கு முழுவதையும் அச்சிட்டு விற்றார். ஆகவே, 'மறைபொருள்' என்பது ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகக் கடையில் கிடைக்கும் பொருளே. சாலமோன் ஆலயத்தின் தலைமைச் சிற்பி ஹீராம் கொலையுண்ட கதை முதன்முதலில் அச்சேறியதும் அந்நூலில்தான். விவிலியத்தில் தீரு நாட்டு வெண்கலத் தச்சன் ஹீராம் உண்டு. யாகீன், போவாஸ் என்னும் இரு தூண்களும் உண்டு. கொலை மட்டும் இல்லை.

மூலைமட்டத்துக்கும் கவராயத்துக்கும் நடுவே பலவிடங்களில் காணும் ஆங்கில 'ஜீ' எழுத்தைப் பற்றி, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் ஒரு சொல் கூறாமல் இருக்க இயலாது. பிரிச்சார்டின் நூல் அதற்கு வடிவகணிதம் என்று பொருள் கூறியது. கடவுள் என்பதும் பொருள் என்பர். ஆங்கிலத்தில் இரு சொற்களும் அவ்வெழுத்தில் தொடங்குகின்றன, ஜெர்மனிலும் அவ்வாறே. பிரெஞ்சு மொழியிலோ கடவுளைக் குறிக்கும் சொல் வேறெழுத்தில் தொடங்குகிறது. தமிழில் இரண்டுமே பொருந்தா. மொழிபெயர்க்க முயன்றால் உதிர்ந்துவிடும் ஒரு சின்னம் சாலமோனிடமிருந்தும் பாரோ மன்னரிடமிருந்தும் வந்திருக்க வழியில்லை.

எகிப்தின் புகழ் வேறு வாயிலாக வந்தது. 1731-இல் பிரெஞ்சுப் பாதிரியார் தெராசோன் 'செதோஸ்' என்றொரு புதினம் எழுதி, எகிப்தியக் குருமார் இளவரசனுக்குத் தீட்சை அளிப்பதாகக் கற்பனை செய்தார். படித்தோர் பலர் அதை வரலாறாகவே கொண்டனர். காலியோஸ்திரோ என்னும் எத்தர் 'எகிப்தியச் சடங்கு' ஒன்றை நடத்திப் பொருள் சேர்த்தார். 1791-இல் வியன்னாவில் அரங்கேறிய மோட்சார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' இசைநாடகத்திலும் அப்புதினத்தின் சாயல் உண்டு. ஷாம்போலியோன் எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழி கண்டது 1822-இல். அதற்கு முன்னரே அவ்வெழுத்தின் 'பொருள்' ஐரோப்பாவில் தாராளமாக வழங்கியது!

அமெரிக்க டாலர் தாளில் கோபுரத்தின்மேல் ஒளிவிடும் கண்ணையும் இவர்களுடையதே என்பர். அந்நாட்டு முத்திரை 1782-இல் முடிவாயிற்று. கண்ணை முதலில் பரிந்துரைத்த து சிமிதியேர் என்னும் ஓவியரும், இறுதி வடிவம் தந்த தாம்சன், பார்ட்டன் இருவரும் இச்சபையில் இருந்ததற்குச் சான்று இல்லை. கிறிஸ்தவக் கோயில் ஓவியங்களில் இறைவனின் கண் அதற்கும் முன்பே இடம்பெற்றிருந்தது. பிரீமேசன் கையேடு ஒன்றில் அக்கண் விளக்கம் பெற்றது 1797-இல்.

இவையெல்லாம் விளையாட்டுக் கதைகள் என விட்டுவிடலாமோ எனின், இயலாது. லியோ தாக்சில் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் இச்சபையார் சாத்தானை வணங்குவதாகப் பன்னிரண்டு ஆண்டுகள் எழுதிக் குவித்தார்; 1897 ஏப்ரல் 19-இல் பாரிசில் ஒரு மண்டபத்தில் நின்று, அனைத்தும் தம் புனைவே எனக் கூறிச் சிரித்தார். புனைவு அத்துடன் சாகவில்லை. ஜெர்மனியில் 1935-இல் நாஜி அரசு சபைகளை மூடியது. ஸ்பெயினில் 1940 மார்ச்சில் பிராங்கோ இட்ட சட்டம், பிரீமேசனாக இருந்ததையே குற்றமாக்கிப் பலரைச் சிறைக்கு அனுப்பியது.

நம் நாட்டில் இச்சின்னங்கள் வேறொரு வினாவை எழுப்பின. 1730-இல் கல்கத்தாவில் முதற்கூட்டம் அமைந்தது. ஆர்க்காட்டு நவாபின் மைந்தர் உம்தத்-உல்-உமரா 1770-களில் திருச்சிராப்பள்ளியில் சேர்ந்தார். இந்துக்களுக்கோ கதவு எளிதில் திறக்கவில்லை. எல்லா மாந்தரும் உடன்படும் சமயமே போதும் என்றது ஆண்டர்சனின் 1723-ஆம் ஆண்டுச் சட்டநூல். மட்டப்பலகை சமத்துவத்தின் சின்னம் என்றது சடங்கு. ஆயினும், பல தெய்வங்களை வணங்குவோர் ஒரே இறைவன்மீது ஆணையிட இயலுமோ என்று வங்காளத்து அதிகாரிகள் ஐயுற்றனர். பிரசன்ன குமார தத்தர் என்னும் கல்கத்தா வணிகர் 1863 முதல் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, மீண்டும் விண்ணப்பித்து, இலண்டன் வரை வழக்கை நடத்தி, 1872-இல் உள்ளே சென்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1884-இல், கல்கத்தாவில் சேர்ந்த இளைஞருள் ஒருவர் நரேந்திரநாத தத்தர். சுவாமி விவேகானந்தர் என உலகம் பின்னர் அறிந்தது அவரையே.

இந்தியாவுக்கெனத் தனிப் பெருஞ்சபை 1961 நவம்பரில் புதுதில்லியில் நிறுவப்பட்டது. அதன் கூடங்களில் பகவத் கீதை, குர்ஆன், விவிலியம், குரு கிரந்த சாகிப், செந்த் அவெஸ்தா ஆகிய ஐந்து திருநூல்களுக்கும் இடமுண்டு. சேர வருபவர் தம் சமயத்து நூலின்மேல் கைவைத்து ஆணையிடுகிறார். விரித்த நூலின்மீது மூலைமட்டமும் கவராயமும் வைக்கப்படுகின்றன.