"டூச்சேக்கு இது தெரியாது" - முசோலினியை மக்கள் நேசித்த கதை

சர்வாதிகாரி என்றவுடன் துப்பாக்கி முனையில் மக்களை அடக்கி ஆண்ட கொடுங்கோலன்தான் எமது நினைவுக்கு வருகிறான். ஆனால் சில சர்வாதிகாரிகளை மக்கள் பயத்தினால் மட்டும் சகித்துக் கொள்ளவில்லை. உண்மையாகவே நேசித்தார்கள். இத்தாலியின் முசோலினி அதற்கு நல்ல உதாரணம்.

முசோலினி 1883ல் பிரெடாப்பியோ என்ற சிறிய ஊரில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். ஆரம்பத்தில் சோஷலிஸ்ட். கட்சிப் பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தார். இத்தாலி முதலாம் உலகப் போரில் சேர வேண்டும் என்று எழுதியதால் 1914ல் கட்சியை விட்டு நீக்கப்பட்டார். போர் முடிந்த பின்னர் 1919 தேர்தலில் மிலானில் போட்டியிட்டார். படுதோல்வி. அதே மனிதர், அதே குரல், அதே மேடைப் பேச்சு. ஆனால் மக்கள் வாக்குப் போடவில்லை. "பிறவியிலேயே வசீகரம் கொண்ட தலைவர்" என்று எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்து போய் விடுவார்கள்.

அப்படியானால் அவரை ஆட்சியில் ஏற்றியது யார்? போரில் சுமார் 6 இலட்சம் இத்தாலியப் படையினர் இறந்திருந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வேலை இல்லை. 1920ல் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளைக் கைப்பற்றினார்கள். பயந்து போன நிலவுடமையாளர்களும் முதலாளிகளும் முசோலினியின் கருஞ்சட்டைப் படைக்குப் பணம் கொடுத்தார்கள். தொழிற்சங்க அலுவலகங்கள் தீக்கிரையாகின. 1922 ஒக்டோபரில் கருஞ்சட்டையினர் ரோமை நோக்கி அணிவகுத்த பொழுது, மன்னர் அவசரகாலச் சட்டத்தில் கையெழுத்திட மறுத்து, முசோலினியைப் பிரதமராக்கினார். தலைவர் அணிவகுப்பில் நடந்து வரவில்லை. மிலானில் இருந்து ரயிலில் வந்து இறங்கினார்.

வசீகரம் அதற்குப் பிறகுதான் தயாரிக்கப்பட்டது. 1924ல் பாராளுமன்றத்தில் துணிந்து பேசிய எதிர்க்கட்சி உறுப்பினர் மத்தேயோத்தி கடத்திக் கொல்லப்பட்டார். 1926க்குள் மற்றக் கட்சிகள் எல்லாம் தடை செய்யப்பட்டன. திரையரங்குகளில் அரசாங்கத்தின் செய்திப்படம் காட்டுவது கட்டாயமானது. அதில் மேலாடை இல்லாமல் வயலில் கோதுமை அடிக்கும் முசோலினி, குதிரையில் முசோலினி, விமானத்தில் முசோலினி. கண்ணாடி போட்ட படம் மட்டும் வராது. அவரது அலுவலக அறையில் இரவிரவாக விளக்கு எரியும். தலைவர் தூங்காமல் நாட்டுக்காக உழைக்கிறார் என்று தெருவில் போகிறவர்கள் நம்ப வேண்டும்.

எல்லாமே நாடகமும் அல்ல. ரோமுக்குத் தெற்கே மலேரியா பரப்பிய சதுப்பு நிலங்களை வற்றச் செய்து, ஏழை விவசாயிகளைக் குடியேற்றினார். அங்கே நிலம் கிடைத்தவனுக்கு அவர் கடவுள் மாதிரி.

90களில் சுவிஸில் உணவக சமையலறையில் வேலை செய்த காலத்தில், என்னோடு ஒரு வயதான இத்தாலியர் இருந்தார். 1935 டிசம்பரில் எத்தியோப்பியப் போருக்காகப் பெண்கள் திருமண மோதிரங்களை நாட்டுக்குக் கொடுத்த பொழுது, அவரின் தாயும் கொடுத்தாராம். பதிலுக்கு ஒரு இரும்பு மோதிரம் கிடைத்தது. தாய் அதைச் சாகும் வரை கழற்றவில்லை என்றார். அந்தப் போரில் இத்தாலிய விமானங்கள் எத்தியோப்பியர்கள் மீது நச்சு வாயு வீசின. அதை எந்தச் செய்திப்படமும் அந்தத் தாய்க்குக் காட்டவில்லை.

அக்கால இத்தாலியர்களிடம் ஒரு பேச்சு இருந்தது: "டூச்சேக்கு மட்டும் இது தெரிந்தால்!" உள்ளூர் கட்சிக்காரன் லஞ்சம் வாங்கினால், ரொட்டி விலை ஏறினால், அது கீழே உள்ளவர்களின் குற்றம். நல்லது நடந்தால் அது தலைவர் செய்தது. ஒரு தலைவருக்கு இதை விடப் பெரிய கவசம் கிடையாது. கட்சியை வெறுத்தவர்கள் கூடத் தலைவரை நேசித்தார்கள்.

1940ல் போரில் இறங்கியதும் அந்தக் கவசம் உடையத் தொடங்கியது. தோல்விகளையும் குண்டுவீச்சையும் பசியையும் செய்திப்படத்தால் மறைக்க முடியவில்லை. 1943 ஜூலை 25 மன்னர் அவரைப் பதவி நீக்கிக் கைது செய்தார். மக்கள் தெருவில் இறங்கி அவரின் சிலைகளை உடைத்தார்கள். 1945 ஏப்ரலில் அவரைச் சுட்டுக் கொன்ற பின், உடலை மிலான் சதுக்கம் ஒன்றில் தலைகீழாகத் தொங்க விட்டார்கள்.

"ஒரு சர்வாதிகாரி வந்தால்தான் நாடு திருந்தும்" என்று எங்கட ஆட்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவர் தவறு செய்தால் அதை உங்களுக்கு யார் சொல்வார்கள்? சொல்லக் கூடிய மத்தேயோத்தியைத்தான் முதலில் கொன்று விடுகிறார்களே.