ஹாப்ஸ் பூவும் பெண்களின் பானையும்

பியருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காய்ச்சுவதற்கு உதவுவது பெண் பூக்கொத்து மட்டும்தான். அதன் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடிபோல் ஒட்டியிருக்கும் பிசின் கசப்பைத் தருவதோடு, பானத்தைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களையும் தடுக்கிறது. அதாவது ஹாப்ஸ் முதலில் ஒரு காப்புப் பொருள். பெண்களின் வரலாற்றில் அதற்கு இடம் கிடைப்பது இந்தக் குணத்தால்தான்.

பாரிஸ் பக்கம் இருக்கும் என் பெரியம்மா மகள் வீட்டுக்கென்று பியர் காய்ச்சுகிறாள். காரைக்கால் குடும்பங்கள் பலவற்றைப் போல அவர்களுடையதும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். "பூவை எப்படிக்கா கெடாம வைக்கிற?" என்று போனில் கேட்டேன். "நம்ம மிளகாய் வத்தலுக்குப் பார்க்கிற பதம்தான்டி. நல்லா காயணும், காத்து படக்கூடாது, வெளிச்சம் ஆகாது. வத்தலுக்குப் பரண், இதுக்கு ஃப்ரீசர், அவ்வளவுதான்" என்றாள். காற்றை உறிஞ்சியெடுத்த அலுமினியப் பையில் கட்டி உறைபெட்டியில் போட்டுவிடுகிறாள். பையைப் பிரித்துவிட்டால் மிச்சத்தைச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். வெளியே கிடந்த பூவில் கசப்பு இறங்கி, பழைய பாலாடைக்கட்டி வாடை வந்துவிடும். எங்கள் அம்பகரத்தூரின் ஈரக் காற்றில் அதற்கு நெடுநாள் ஆகாது.

அவள் சொன்ன பதம் எந்த டெல்டா வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்ததுதான். விதைநெல்லை வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டை கட்டுவது, குதிரில் நொச்சியும் வேப்பிலையும் போடுவது, புளியை உப்பிட்டுப் பானையில் அடைப்பது எல்லாம் அந்தக் கணக்குத்தான். கெடாமல் வைப்பது வீட்டு வேலை என்று பெண்கள் கையில் விடப்பட்டது. அதே வித்தையால் ஒரு பொருள் நெடுநாள் தாங்கிச் சந்தைக்குப் போய்ப் பணமாகத் தொடங்கியபோது என்ன நடந்தது? ஹாப்ஸின் கதை இதற்கு நல்ல சாட்சி.

ஹாப்ஸின் கசப்பு பானங்களை அழுகாமல் காக்கிறது என்று 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் ஒரு பெண்: ஜெர்மனியின் மடத்துத் தலைவி ஹில்டகார்ட் (1098–1179). அப்போது இங்கிலாந்தில் ஹாப்ஸ் போடாத 'ஏல்' தான் குடித்தார்கள். சில நாளில் புளித்துவிடும் பானம் அது. தூரம் கொண்டுபோக முடியாது. அதனால் வீட்டுக்கு வீடு பெண்கள் காய்ச்சினார்கள். மிஞ்சியதை விற்க, வாசலில் ஒரு கம்பை நட்டுவைத்தார்கள். மனைவியரும் விதவைகளும் மணமாகாதவர்களும் அதில் நாலு காசு பார்த்தார்கள்.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹாப்ஸ் சேர்த்த பியர் கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்தது. 1574இல் ரெஜினால்டு ஸ்காட் போட்ட கணக்கு இது: ஒரு புஷல் முளைத்தானியத்தில் ஏல் என்றால் 8, 9 காலன், ஹாப்ஸ் சேர்த்த பியர் என்றால் 18 முதல் 20 காலன். பானம் கெடாது, கப்பலேறும், படைக்கும் போகும். அதற்குப் பெரிய கொப்பரையும் கடனும் கூலியாட்களும் சங்கத்தில் இடமும் தேவைப்பட்டன. மணமான பெண்ணின் பேரில் சொத்தில்லை, கடன் கிடைக்காது, சங்கத்தில் குரல் கிடையாது. 1300இல் பெண்கள் கையில் இருந்த தொழில் 1600க்குள் ஆண்களுடையதாகிவிட்டதை ஜூடித் பென்னட் 1996இல் வெளிவந்த நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். பூவின்மேல் பழி இல்லை. அது திறந்துவிட்ட லாபத்தின் வாசலில் பெண்களை நிறுத்திவைத்தவை சட்டமும் முதலும்தான்.

நம் பக்கமும் இதற்கு நெடிய முன்கதை உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் வீட்டில் காய்ச்சும் அரிசி மதுவுக்குச் செய்முறையே இருக்கிறது. கூழாக்கிய அரிசியை அகன்ற தட்டில் ஆறவைத்து, முளைநெல் மாவு கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் ஊறவைத்து, விரலால் அலைத்துப் பிழிவது. முளைத்தானியத்தில் ஆன, ஹாப்ஸ் இல்லாத பானம். அதே பாட்டில் கள் சமைக்கும் பெண்களும் வருகிறார்கள். அவர்கள் கலம் கழுவிய நீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது.

பனையில் காப்புப் பொருள் சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். மரம் ஏறுவது ஆண். பதநீரைக் காய்ச்சி, பதம் பார்த்து, மாதக்கணக்கில் தாங்கும் கருப்பட்டியாக்குவது பெண். தொழிலாளி என்றதும் நம் மனத்தில் வருவதோ பனையேறி மட்டும்தான்.

எங்கள் ஊர் திருநள்ளாற்றிலிருந்து பேரளம் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது இது பிரெஞ்சு மண். அந்தச் சட்டம் இங்கே செல்லாது. 1954இல் ஆட்சி கைமாறியது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. எல்லைக்கு இந்தப் பக்கம் அரசே கள்ளுக்கடையை ஏலம் விடுகிறது. ஏலத்துக்கு வேண்டியது கையில் பணம். காய்ச்சத் தெரியுமா, காக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

குடியால் சீரழிந்த வீடுகளைப் பார்த்த நாம் இதைப் பேசலாமா என்று கேட்கலாம். பேசத்தான் வேண்டும். 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் சாராயக்கடையை மூடவைத்தார்கள். மறு ஆண்டே ஆந்திரத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. அவர்கள் எதிர்த்தது ஏலக்காரரின் லாபத்தையும் அரசின் வருவாயையும். மதுவின் வரலாற்றில் பெண்ணை அடிவாங்குபவளாக மட்டும் எழுதினால், அந்த லாபம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது மறைந்துபோகும். குடியை எதிர்ப்பதற்கும் அந்தக் கணக்கைக் கேட்பதற்கும் முரண் இல்லை. காய்ச்சியவள், காத்தவள், விற்றவள் என்று அவளையும் எழுதிய பிறகுதான் அந்தக் கணக்கைக் கேட்கவே முடியும்.