கறுத்த பக்கு

"டெங்கு இல்லேன்னு வந்துடுச்சு. டைபாய்டும் இல்லே. அப்புறம் என்னதான் காய்ச்சல்?" மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் அரூர்ப் பக்கம் காதில் விழக்கூடிய கேள்விதான். நாளிதழ்கள் 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதிவிடும். அந்த மர்மத்தில் ஒரு பங்குக்குப் பழைய பெயர் உண்டு: ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். ஆனால் மாட்டு உண்ணி இதைக் கொண்டுவருவதில்லை. புதரில் வாழும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடித்தே வருகிறது. சித்தேரி மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவரும் விறகு பொறுக்குபவரும் தினம் நடக்கும் புதர்கள்தான்.

இந்நோயைக் கண்டறியும் சோதனையின் கதை விநோதமானது. 1916இல் வைல், ஃபெலிக்ஸ் என்ற இருவர், டைபஸ் நோயாளியின் சிறுநீரில் கிடைத்த புரோட்டியஸ் என்ற பாக்டீரியா, டைபஸ் நோயாளிகளின் ரத்த நீரில் திரண்டு கட்டிக்கொள்வதைப் பார்த்தார்கள். நோய்க்குக் காரணம் அது அல்ல. தற்செயலான ஒற்றுமை, அவ்வளவுதான்! 1920களில் மலாயாவில் ஃப்ளெட்சரும் லெஸ்லரும் இதே சோதனையைச் செய்தபோது, சில நோயாளிகளின் ரத்தம் வழக்கமான புரோட்டியஸுக்கு அசையவில்லை. கிங்ஸ்பரி கொண்டுவந்திருந்த இன்னொரு வகைக்கு மட்டும் திரண்டது. ஊர்க் காய்ச்சல் வேறு, புதர்க் காய்ச்சல் வேறு என்று அப்படித்தான் பிரிந்தது. அந்நாளில் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

வைல்-ஃபெலிக்ஸ் மலிவு. அதனால் நூறாண்டு கழித்தும் சிறிய லேப்களில் உயிரோடிருக்கிறது. பல நோயாளிகளைத் தவறவிடுகிறது என்பதும் தெரிந்ததுதான். அதைவிடச் சிறந்த எலிசா சோதனைக்கும் ஒரு சிக்கல் உண்டு. உடலில் எதிர்ப்பொருள் உருவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மருந்து தேவைப்படுவதோ அந்த முதல் வாரத்தில்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1975இல் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரில் குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியது. முதலில் மூட்டுவாதம் என்றார்கள். நோய்க்கிருமியை உண்ணிக்குள் பர்க்டார்ஃபர் கண்டது 1981இல். லைம் நோயிலும் ஆரம்ப நாட்களில் ரத்தச் சோதனை கைவிடும். தோலில் படரும் சிவந்த வளையமே முதல் சாட்சி. கறுத்த தோலில் அதுவும் எளிதில் தெரியாது.

உண்ணிக் காய்ச்சலின் சாட்சி, சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பக்கு. வலிக்காது, அரிக்காது. அக்குளில், தொடையிடுக்கில், மார்புக்குக் கீழே, புடவை கட்டும் இடுப்பில் ஒளிந்திருக்கும். எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் கண்டுவிட்டால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. யார் பார்ப்பது? ஓ.பி. வரிசையில் ஒருவருக்கு இரண்டு நிமிடம். "அங்கெல்லாம் எப்படிங்க காட்டறது?" என்று கூசும் பெண்ணிடம் கேட்க ஒரு நர்ஸக்கா பக்கத்தில் இருக்க வேண்டும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வழிநடத்தி 2023இல் வெளியான ஆய்வு, நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினும் அஸித்ரோமைசினும் சேர்ந்து கொடுப்பது மேல் என்று காட்டியது. முற்றாத நிலையில் டாக்ஸிசைக்ளின் மட்டுமே போதும், சில ரூபாய் மாத்திரை. பென்சிலின் வகை ஊசி எத்தனை போட்டாலும் இந்தக் கிருமி அசையாது.

மருந்து மலிவு, நோய் பழையது. இடையில் காணாமல் போவது, "காட்டுப் பக்கம் போனீங்களா?" என்ற கேள்வியும் உடம்பைத் திருப்பிப் பார்க்கும் ஒரு நிமிடமும்தான்.